இரத்தக் கொதிப்பும் இருதயத் தளர்ச்சியும்: மும்பைத் தமிழர் கவனத்துக்கு

மும்பையில் 18 வயது முதல் 69 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது. மாநகராட்சியும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2021-ம் ஆண்டு எடுத்த கணக்கு இது. ஏறக்குறைய 6 ஆயிரம் பேரைத் தேடிச் சென்று, கையில் பட்டை கட்டி அளந்து பார்த்துச் சொன்ன முடிவு. மருந்து சாப்பிடுகிறவர்களிலும் பெரும்பாலோருக்கு அளவு கட்டுக்குள் இல்லை என்பது அதே கணக்கு சொல்லும் இரண்டாவது செய்தி.

காலை ஒன்பது மணிக்கு தாதர் மேம்பாலத்தில் எதிரே முட்டி மோதிக்கொண்டு வருகிற மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். நாம் நடந்து போகும்போது நம் வரிசையிலும் மூன்றில் ஒருவர்தான்.

இது மும்பைத் தண்ணீரின் கோளாறு, ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த இதே மாதிரியான கணக்கிலும் நூற்றுக்கு 34 பேர் என்றுதான் வந்தது. அங்கே அப்படிக் கொதிப்பு உள்ளவர்களில் அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். தாராவியில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும் நிலைமை ஒன்றே.

இந்த எண்களை நாம் பத்திரிகையில் பல முறை படித்தாகிவிட்டது. படித்துவிட்டு லோக்கல் வண்டியைப் பிடிக்க ஓடுகிறோம். கொதிப்பு வலிப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, ஒரு நாள் சம்பளத்தையும் கெடுப்பதில்லை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் அது தன் கணக்கைத் தீர்க்க வருகிறது. அப்படி வரும் வழிகளில் மூளையில் இரத்தக் குழாய் வெடிப்பதும் சிறுநீரகம் கெடுவதும் நம்மவர்களுக்குத் தெரியும். இருதயம் மெல்ல மெல்லத் தளர்ந்து போவது அவ்வளவாகத் தெரியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு சொல்லால் வந்த குழப்பம்

நம் பேச்சிலே "ஹார்ட் பெயிலியர்" என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். "ராத்திரி சாப்பிட்டுப் படுத்தார், ஹார்ட் பெயிலியர், விடிந்தால் இல்லை" என்போம். டாக்டர்கள் சொல்லும் ஹார்ட் பெயிலியர் அது அல்ல. இருதயம் நின்று போவதை அவர்கள் வேறு பெயரால் சொல்கிறார்கள். இருதயத்துக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டு நெஞ்சு வலிப்பது மாரடைப்பு, அது இன்னொன்று. ஹார்ட் பெயிலியர் என்பது இருதயம் ஓடிக்கொண்டே இருந்தும், உடம்புக்கு வேண்டிய இரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்து போகும் நிலை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நீடிக்கும். அதைத்தான் இங்கே இருதயத் தளர்ச்சி என்று எழுதுகிறேன்.

"கொதிப்பு" என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறது. கொதிப்பு என்றால் சூடு, கோபம் என்று மனதிலே பதிந்துவிட்டது. "எனக்குக் கோபமே வராது, எனக்கேது பிரஷர்?" என்று கேட்கிற சாதுவான மனிதர்களை எங்கள் ஆபீசிலேயே காட்டலாம். மோர் குடித்தால் தணியும், எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தணியும் என்பதும் இந்தச் சொல்லிலிருந்து வந்த வைத்தியம்தான். இரத்தம் எங்கேயும் கொதிப்பதில்லை. குழாய்ச் சுவரை இரத்தம் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதே கணக்கு. சாந்த சொரூபிக்கும் அது 180 இருக்கலாம்.

இருதயம் எப்படித் தளர்கிறது?

இருதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதன் இடது கீழறைதான் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் அறை. இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறினால் அந்த அறை ஒவ்வொரு தடவையும் கூடுதல் பலத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது.

மார்க்கெட்டில் ஹாத்காடி தள்ளும் தொழிலாளியின் கையையும் தொடையையும் பாருங்கள். பாரம் கூடக் கூடச் சதை தடித்து முறுக்கேறியிருக்கும். இருதயத்தின் சுவரும் அப்படித்தான் தடிக்கிறது. கைக்கு அது நல்லது. இருதயத்துக்கு அது நல்லதல்ல. தடித்த சுவர் விறைத்துப் போகிறது. விறைத்த அறை விரிந்து கொடுக்காது. விரியாவிட்டால் நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் உள்ளே வர இடமில்லை. அது பின்னாலேயே தேங்குகிறது. அந்தத் தேக்கத்தின் அழுத்தத்தில் நுரையீரலில் நீர் கசிகிறது. மூச்சு வாங்குகிறது.

இந்தக் கட்டத்தில் படம் எடுத்துப் பார்த்தால் இருதயம் "நன்றாகவே பம்ப் செய்கிறது" என்றுகூட ரிப்போர்ட் வரும். தள்ளும் பலம் குறையவில்லை, நிரம்பும் சக்திதான் குறைந்திருக்கிறது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் பலர். இன்னும் பல வருஷம் கவனிக்காமல் விட்டால் சிலருக்குத் தடித்த சுவரே களைத்து, பழைய பலூன் போல அறை விரிந்து, தள்ளும் பலமும் போய்விடுகிறது. கொதிப்போடு சர்க்கரையும் பீடியும் சேர்ந்து குழாய் அடைத்து, ஒரு மாரடைப்பும் வந்துவிட்டால் பத்து வருஷப் பாதை இரண்டு வருஷமாகச் சுருங்கும்.

அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ம் ஆண்டு 5,209 பேரைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சியில் இருதயத் தளர்ச்சி கண்டவர்களின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து 1996-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தளர்ச்சி வந்தவர்களில் நூற்றுக்கு 91 பேருக்கு அதற்கு முன்பே இரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது.

ஜனாதிபதிக்கும் கிடைக்காத மாத்திரை

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். 1944 மார்ச் மாதம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை இருதய டாக்டர் ஹோவர்ட் புரூயன் பரிசோதித்தார். இரத்த அழுத்தம் 186-க்கு 108. இருதயம் பெருத்திருந்தது, நுரையீரலில் நீர் இருந்தது. கொதிப்பினால் வந்த இருதயத் தளர்ச்சி என்று அவர் எழுதி வைத்தார். ஜனாதிபதியின் சொந்த டாக்டரோ மூக்கு, தொண்டை வைத்தியத்தில் தேர்ந்தவர். அவர் ஊருக்கு உலகுக்கெல்லாம் "ஜனாதிபதி நலமாக இருக்கிறார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, ஓய்வெடு, டிஜிடலிஸ் சாப்பிடு. அன்றைக்கு வைத்தியம் அவ்வளவுதான். அழுத்தத்தை இறக்கும் நல்ல மாத்திரை உலகத்திலேயே இல்லை. 1945 ஏப்ரல் 12-ந் தேதி அவருக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. அப்போது அளந்த அழுத்தம் 300-க்கு 190. அன்றே காலமானார்.

உலகத்தின் பெரிய வல்லரசின் தலைவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று தாராவி 90 அடி ரோட்டில் எந்த மருந்துக் கடையிலும் இருக்கிறது.

அந்த மாற்றத்தில் நம் மும்பைக்கும் பங்குண்டு. பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பணியாற்றிய டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய சர்ப்பகந்தா வேரை இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்து, அளந்து, குறித்து வைத்தார். 1949-ல் பிரிட்டனின் இருதய மருத்துவப் பத்திரிகையில் அது வெளியானது. மேல்நாட்டு டாக்டர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு பெற்றவர்களில் வக்கீலும் ஒருவர். தாதரிலிருந்து லோக்கலில் அடுத்த ஸ்டேஷன் பரேல். அங்கே நடந்த காரியம் இது என்று நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா வேர் தேட வேண்டாம். மனச்சோர்வு முதலிய பக்க விளைவுகளால் டாக்டர்களே அதை ஒதுக்கிவிட்டார்கள். இப்போது அதைவிட நல்லவை வந்துவிட்டன.)

மாத்திரை சாப்பிட்டால் உண்மையிலேயே இருதயம் தப்புமா என்ற கேள்விக்கு 1967-ல் பதில் கிடைத்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் கடுமையான கொதிப்புள்ள 143 ஆண்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு மருந்து, இன்னொரு பகுதிக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 27 பேருக்குக் கடுமையான கேடு நேர்ந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் இரண்டு பேருக்குத்தான். 2008-ல் வெளியான வேறொரு ஆராய்ச்சியில் 80 வயதைத் தாண்டிய 3,845 பேரை எடுத்துக்கொண்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு இருதயத் தளர்ச்சி 64 சதவீதம் குறைந்தது. "இந்த வயசுக்கு மேலே மாத்திரை எதற்கு" என்று ஊரில் தாத்தா பாட்டிகளைப் பற்றிச் சொல்வோமே, அதற்கு இது பதில்.

முதல் வேலை: ஒழுங்காக அளப்பது

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், இரத்தம் எடுக்க வேண்டாம். கையில் பட்டை கட்டி அளந்தால் போதும். ஆனால் அதை ஒழுங்காகச் செய்வது அபூர்வமாக இருக்கிறது. மாடி ஏறி வந்த மனிதரை மூச்சு வாங்க வாங்க உட்கார வைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைக் கட்டி, "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது.

அளக்கும் முன் அரை மணி நேரம் டீ, பீடி, தம்பாக்கு கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கையை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். பட்டை வெறும் தோலில் இருக்க வேண்டும். கை பருத்தவருக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை அளக்க வேண்டும். இரண்டு வேறு நாட்களில் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் வந்தால் இரத்தக் கொதிப்பு என்று டாக்டர் முடிவு செய்வார். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று மட்டும் கூடியிருந்தாலும் கொதிப்புதான். 180-க்கு 110-ஐத் தாண்டியிருந்தால் இன்னொரு நாள் பார்க்கலாம் என்று தள்ளிப் போடக்கூடாது.

30 வயதைக் கடந்த எல்லோரையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது மத்திய சர்க்கார் வகுத்திருக்கும் திட்டம். 2022 நவம்பரில் தாராவியில் தொடங்கி வைக்கப்பட்ட 'ஆப்லா தவாகானா' என்னும் மாநகராட்சி மருந்தகங்கள், வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்த பிறகும் போகும்படி இரவு வரை இயங்க ஏற்படுத்தப்பட்டவை. தாராவியில் 'சோட்டா சயான்' என்று நம்மவர்கள் சொல்லும் நகர்ப்புற சுகாதார நிலையம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்த மருந்தகம் இருக்கிறது. அளக்க இடமில்லை என்று சொல்ல முடியாது.

எதைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும்?

கொதிப்பு பேசாது. தளர்ச்சி பேசும். ஆனால் அது பேசும் பாஷையை நாம் தப்பாகப் படிக்கிறோம். மூச்சு வாங்கினால் "மும்பைத் தூசி, ஆஸ்துமா" என்கிறோம். வயிறு உப்பினால் "கேஸ்" என்கிறோம். களைப்பாக இருந்தால் "வயசாச்சு" என்கிறோம்.

போன வருஷம் ரயில்வே பாலத்தை ஒரே மூச்சில் ஏறியவர் இந்த வருஷம் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அது கவனிக்க வேண்டிய சேதி. ஒரு தலையணையில் படுத்தவருக்கு இரண்டு மூன்று தலையணை தேவைப்படுகிறது. படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருகிறார். படுத்தால் மட்டும் இருமல் வருகிறது. சாயங்காலம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் பள்ளம் விழுந்திருக்கிறது, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. சாப்பாடு கூடாமலே இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுகிறது. அது சதை அல்ல, நீர். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கொதிப்புள்ளவர் டாக்டரிடம் போக வேண்டும். உட்கார்ந்தாலும் மூச்சு விட முடியாமல், குளிர்ந்து வியர்த்து, நுரையாகச் சளி வந்தால் 108 வண்டியை அழைக்க வேண்டும். டாக்சி பேரம் பேசும் நேரம் அல்ல அது.

(இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் சிலருக்குக் கால் வீங்கும். வீங்கியதும் பயந்து மாத்திரையை நிறுத்துவதும் தப்பு, வீக்கம் மாத்திரையால்தான் என்று சும்மா இருப்பதும் தப்பு. எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

வீட்டிலே பெண்கள் விஷயம் தனி. கர்ப்ப காலத்தில் கொதிப்பு வந்த பெண்ணுக்குப் பிரசவத்தோடு அது போய்விட்டது என்று விட்டுவிடுகிறோம். அவருக்குப் பின்னாளில் கொதிப்பும் இருதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து எல்லோருக்கும் டப்பா கட்டி அனுப்பும் அந்த அம்மாளை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அறிகுறி வருவதற்கு முன்பே தடித்த சுவரைக் கண்டுபிடிக்க வழியுண்டு. ஈ.சி.ஜி. ஓரளவு காட்டும், எக்கோ படம் தெளிவாகக் காட்டும். இருதயம் திணறும்போது இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளக்கும் பி.என்.பி. என்ற சோதனையும் இருக்கிறது. எல்லோருக்கும் எக்கோ தேவையில்லை. நெடுநாள் கொதிப்பு, ஈ.சி.ஜி.யில் மாறுதல், மூச்சு வாங்கல் என்று இருப்பவர்களுக்குத் தேவை. அத்துடன் சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின், சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரகமும் இருதயமும் ஒன்றையொன்று கெடுக்கும் கூட்டாளிகள்.

ஊருக்குப் போனால் விட்டுப் போகும் மாத்திரை

இனி நம்மவர்களுக்கே உரிய ஒரு சங்கடம். வெளிமாநிலத்தில் பிழைப்பவனின் வாழ்க்கையில் வருஷத்துக்கு ஒரு மாதமாவது ஊர். கோயில் கொடை, கல்யாணம், பிள்ளைகளின் பள்ளி லீவு. இங்கே வாங்கிய பதினைந்து நாள் மாத்திரை வண்டியிலேயே தீர்ந்த மாதிரிதான். ஊரில் "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்பினால், அழுத்தம் பழைய இடத்துக்கு வந்து நிற்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டு வாசலுக்கே வந்து கொதிப்பு அளந்து, மாத்திரை கொடுக்கும் திட்டம். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது அதற்குக் கிடைத்தது. இந்தப் பக்கம் மராட்டிய மாநிலமோ, 2017-ல் தொடங்கிய இந்திய இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதலில் சேர்ந்த ஐந்து மாநிலங்களில் ஒன்று. அந்தத் திட்டத்தில் சிக்கனமான ஒரு புத்தி இருக்கிறது. எல்லா ஊரிலும் ஒரே வரிசையில் ஒரு சில மாத்திரைகள்: அம்லோடிபின், டெல்மிசார்டான், குளோர்தலிடோன். ஆளுக்கு ஆள் டாக்டர் மாற்றி எழுத வேண்டியதில்லை, நர்சே அளந்து பார்த்து மாத மருந்தைக் கொடுக்கலாம், வராதவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். 2022-ல் அதற்கும் ஐக்கிய நாடுகள் விருது வந்தது. அப்போது 34 லட்சம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அளவு கட்டுக்குள் வந்திருந்தது. தமிழ்நாட்டுக் கணக்கின் ஏழு சதவீதத்தோடு இதை ஒப்பிட்டால், தொடர்ந்து கொடுப்பதன் பலன் விளங்கும்.

ஆக, இரண்டு பக்கமும் நல்ல திட்டம். நடுவிலே ரயிலில் இருக்கிறவன்தான் இரண்டிலும் இல்லை. மும்பையில் பதிவு இருந்தால் ஊரில் பெயர் இல்லை; ஊரில் பெயர் இருந்தால் இங்கே இல்லை. இதற்குச் சர்க்கார் வழி காணும் வரை நாமே செய்துகொள்ள வேண்டியது: புறப்படும் முன் டாக்டரிடம் சொல்லி, தங்கும் நாட்களுக்கும் பத்து நாள் கூடுதலுக்கும் மருந்து வாங்கிக்கொள்வது, மாத்திரையின் கம்பெனிப் பெயரை விட்டு மருந்துப் பெயரை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது. மருந்துப் பெயர் தெரிந்தால் எந்த ஊர் மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டு வாங்கலாம். ஜன் ஔஷதிக் கடையில் ஒரு நாள் மாத்திரைக்கு ஒரு கட்டிங் சாய் விலைகூட ஆகாது. குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் மட்டும் டெல்மிசார்டான் எழுதியிருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் அது ஆகாது.

தாராவி மறுசீரமைப்பில் இடம் மாறப் போகும் குடும்பங்களுக்கும் இதே பாடம். புது இடத்தில் ரேஷன் கடை எங்கே என்று கேட்பதோடு, மாத்திரை எங்கே என்றும் முதல் வாரமே கேட்டுக்கொள்வது நல்லது.

மாத்திரை சாப்பிட்டும் அளவு இறங்காததற்கு இன்னொரு காரணம் வலி மாத்திரை. இடுப்பு வலி, முழங்கால் வலி என்று மூட்டை தூக்கும் தொழிலாளிகள் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். தளர்ந்த இருதயத்தை அவை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உப்புப் பாக்கெட் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் கீழ் உப்பு போதும் என்கிறது. மும்பைக்காரர் சாப்பிடுவது எட்டு கிராமுக்கு மேல் என்று அந்த 2021 கணக்கு சொல்கிறது. "எங்க வீட்டில் உப்பு கம்மி" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலு பேர், ஆளுக்கு ஐந்து கிராம், முப்பது நாள்: 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் மாதம் முடியுமுன் தீர்ந்தால் அந்த வீட்டில் உப்பு கம்மி இல்லை.

அதிலும் பாக்கெட்டுக்கு வெளியே வரும் உப்பு சேரவில்லை. ஊரிலிருந்து வரும் மூட்டையில் கருவாடு, அப்பளம், வடாம், மோர் மிளகாய், ஊறுகாய். இங்கே ஸ்டேஷன் வாசலில் வடா பாவ், ஃபர்சாண். பாவ் ரொட்டியிலேயே உப்பு இருக்கிறது என்பது நாக்குக்குத் தெரியாது. கருவாட்டை விட்டுவிடு என்று தூத்துக்குடிக்காரரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வாரத்தில் ஒரு நாள் என்று வைத்து, அன்று அப்பளத்தையும் ஊறுகாயையும் ஒதுக்கலாம்.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21 ஆயிரம் பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களில் சமையல் உப்பில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் உப்பு கலந்து கொடுத்தார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-ல் முடிவு வந்தது. இந்த மாதிரி உப்பு நம் கடைகளிலும் 'லோ சோடியம்' என்று வந்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பொட்டாசியம் மிஞ்சினால் இருதயத் துடிப்பே தடுமாறும்.

தளர்ந்த பின் என்ன ஆகும்?

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் பொறுப்பில் நாடு முழுவதும் 53 ஆஸ்பத்திரிகளில் 10,851 இருதயத் தளர்ச்சி நோயாளிகளைப் பதிவு செய்து கவனித்தார்கள். அந்தக் கணக்கின்படி அவர்களின் சராசரி வயது 60. ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்து போனார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கொதிப்பு இருந்தது. அறுபது என்பது சராசரி. அப்படியானால் நாற்பதிலும் ஐம்பதிலும், வீட்டு வாடகையும் பிள்ளையின் பீசும் கட்டிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர்கள் அதில் ஏராளம்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. நீர் இறக்கும் மாத்திரையோடு, தளர்ச்சியையே தள்ளிப் போடும் நாலு வகை மருந்துகள் இப்போது உண்டு. முதலில் சர்க்கரைக்காக வந்த டாபாகிளிப்ளோசின் அவற்றில் ஒன்று. 2020 அக்டோபரில் அதன் காப்புரிமை தீர்ந்த பிறகு நம் நாட்டுக் கம்பெனிகள் செய்து விலையை இறக்கிவிட்டன. 2025 மார்ச்சில் எம்பாகிளிப்ளோசினுக்கும் அப்படியே ஆயிற்று. ஆனாலும் நாலு வகை மருந்து, அடிக்கடி இரத்தச் சோதனை, எக்கோ, லீவு, கூட வருபவரின் லீவு என்று கூட்டினால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். பாரம் தூக்கும் தொழிலாளிக்கு வேலையே போய்விடும்.

செலவைப் பார்த்தாலும் சர்க்கார் முதலிலேயே கொதிப்பைப் பிடிப்பதுதான் லாபம். இது டில்லிக்கும் தெரியும். 2023 மே 17-ந் தேதி, 2025-க்குள் ஏழரைக் கோடி கொதிப்பு, சர்க்கரை நோயாளிகளை முறையான சிகிச்சைக்குக் கொண்டு வருவோம் என்று மத்திய சர்க்கார் இலக்கு வைத்தது. ஆனால் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது வேறு, அளவை 140-க்குக் கீழே இறக்கி வைப்பது வேறு. என் அபிப்பிராயத்தில் மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை பேரை அளந்தீர்கள்?" என்பது அல்ல. "போன வருஷம் அளந்தவர்களில் எத்தனை பேருக்கு இன்று கட்டுக்குள் இருக்கிறது?" என்பதே. வார்டு வாரியாக அந்த எண்ணை வெளியிடச் சொல்லி நம் கவுன்சிலர்களை நச்சரிக்கலாம்.

ரயில்வேயில் வண்டி ஓட்டுபவருக்குக் கெடு வைத்து மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. பயணிகளின் உயிர் அவர் கையில் இருக்கிறது, நியாயம்தான். பார்சல் ஆபீசிலும் புக்கிங்கிலும் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஐம்பது வயதில் முதல் தடவையாக அளந்து பார்க்கிறவர்கள் எங்களுக்குள் உண்டு. 2017-ல் தாதர், காட்கோபர் முதலிய ஸ்டேஷன்களில் 'ஒரு ரூபாய் கிளினிக்' திறந்தபோது கூட்டம் வந்தது. வண்டிக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிஷமும் ஒரு நாற்காலியும் இருந்தால் கொதிப்பை அளந்துவிடலாம். தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரியாக இதையும் சேர்க்கலாம்: ஒவ்வொரு டெப்போவிலும் ஆபீசிலும் சரிபார்த்த மேல்கைப் பட்டைக் கருவி ஒன்று, அதை வருஷத்துக்கொரு முறை சோதிக்க ஏற்பாடு, 30 வயதுக்கு மேற்பட்டவருக்கு அளவு எழுத ஒரு அட்டை. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா, ஆண்டு விழா மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடலாம். அன்று 140-ஐத் தாண்டியவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, மறு வாரம் அவர்களை ஆப்லா தவாகானாவுக்கு அழைத்துப் போக மராத்தி பேசத் தெரிந்த ஒரு இளைஞரையும் ஏற்பாடு செய்ய வேண்டும்.